என்ஜின் உங்கள் பங்கு

அம்மாபேட்டை, சேலம்
18-3-2024

மதிப்பிற்குரிய நவநீதகிருஷ்ணன் அண்ணன் அவர்களுக்கு,

சண்முகப்பிரியா எழுதுவது. வணக்கம். இங்கே நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டிசம்பரில் என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது நீங்கள்தான். மகன் இல்லாத வீட்டுக்குத் தம்பி மகன் வந்து செய்ய வேண்டிய முறையை ஒன்றுவிடாமல் செய்தீர்கள். மொட்டை அடித்துக்கொண்டீர்கள், குடம் உடைத்தீர்கள், மூன்றாம் நாள் சாம்பலைக் காவிரியில் கரைத்தீர்கள். அந்த மூன்று நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதால் கிளம்பும்போதும் உங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. எனக்குத்தான் நன்றி சொல்ல வழி இல்லாமல் போயிற்று. இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

நாம் பேசிக்கொள்ளக் கூடாது என்று எனக்குத் தெரியும். 1984-ல் பாகம் பிரித்த அன்று என் அப்பாவும் உங்கள் அப்பாவும் தாத்தாவின் காரின் பானெட் மேல் கற்பூரம் ஏற்றி, இனி ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அதை அணைத்துச் சத்தியம் செய்தார்கள் என்று பாப்பாயி அத்தை சொல்லியிருக்கிறார். ஆனால் சத்தியம் பேசுவதற்குத்தான், எழுதுவதற்கு இல்லை. அத்தையிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். விதியில் இல்லாததை இருப்பதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பூமி முன்பே கைவிட்டுப் போயிருந்தது. அப்பா எனக்கென்று எழுதி வைத்துவிட்டுப் போனது தாத்தா வாங்கிய அந்தக் காரைத்தான். 1957 லேண்ட்மாஸ்டர், அம்பாசிடருக்கு மூத்த வண்டி. செங்கல் மேல் நின்றிருந்ததை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, எங்கள் தெருவில் ஓடாத ஒரு தறிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அதை ஓட வைக்க வேண்டும் என்று ஆசை. வண்டி வேலை எனக்குத் தெரியாது. ஸ்கூட்டிக்குக் காற்று அடிக்கவே கடைக்குப் போகிறவள். என் வீட்டுக்காரர் ஜெகதீஸ்வரன் வருஷத்தில் பதினோரு மாதம் சத்தீஸ்கரில் போர் போடும் ரிக் வண்டியோடு இருக்கிறார், அதனால் தடுக்க ஆள் இல்லை.

பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. என்ஜின் உங்கள் பங்கு. அதை எனக்குத் தர முடியுமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சண்முகப்பிரியா


ஓடைக்காட்டுத் தோட்டம்
பள்ளிபாளையம் வழி
2-4-2024

சண்முகப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுதலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. வீட்டில் கேட்டேன். “எளுதுனா நாக்கா அளுகப் போகுது, கைதானுங்களே” என்றாள் பழனியம்மாள்.

நன்றி எல்லாம் வேண்டாம். முறை செய்தேன், அவ்வளவுதான்.

அன்று நடந்ததை உனக்கு யார் எப்படிச் சொன்னார்களோ. உனக்கு நாலு வயது, எனக்குப் பத்தொன்பது. நான் கூடவே நின்றவன். நம் பக்கம் பாகம் என்றால் பெரியவர் பிரிக்க வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவர் ஓரவஞ்சனை செய்யாமல் இருக்க அந்த ஏற்பாடு. பெரியப்பா எல்லாவற்றையும் சரிபாதியாகத்தான் பிரித்தார். ஆட்டுக்கல் ஒரு பங்கு, அம்மிக்கல் ஒரு பங்கு. எடை தூக்கும் செயின் பிளாக் ஒரு பங்கு, மருந்தடிக்கும் மிஷின் ஒரு பங்கு. கடைசியில் கார் வந்தது. முழு வண்டியை ஒரு பக்கம் வைத்தால் அப்பா எடுத்துக்கொள்வார். பெரியப்பாவுக்கு அதை விட மனசு இல்லை. பாடி ஒரு பங்கு, என்ஜின் ஒரு பங்கு என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் தம்பி வெட்கப்பட்டு, வண்டியை நீயே வைத்துக்கொள் அண்ணா என்பார் என்று நினைத்திருக்கிறார். என் அப்பா, என்ஜினைக் கழற்றச் சொன்னால் அண்ணன் வெட்கப்பட்டு, வேண்டாண்டா நீயே ஓட்டிக்கொண்டு போ என்பார் என்று நினைத்தார்.

இரண்டு பேரும் வெட்கப்படவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கழற்றியவன் நான்.

எங்கள் கிணற்றில் பம்புக்கு மாட்டித் தண்ணீர் இறைத்தோம். என்ஜினைத் தருவது பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. ஈரோட்டில் பழைய அம்பாசிடர் பெட்ரோல் என்ஜின் கிடைக்கும். கொஞ்சம் வெட்டி ஒட்டினால் உட்காரும். அதைப் பார்.

நவநீதகிருஷ்ணன்


அம்மாபேட்டை, சேலம்
21-4-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணி சொன்னதைப் படித்துச் சிரித்தேன். என் கை இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது, நகத்துக்குள் போன கிரீஸ் தவிர.

பரீட்சை முடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பூபதி என்று ஒரு டிங்கர் வருகிறார். தகரம் தட்டுவது, ஒட்டுப் போடுவது எல்லாம் அவர். கழற்றுவது நான். முதல் நாள் உற்சாகத்தில் கதவு, இருக்கை, மட்கார்டு என்று கழற்றிய போல்ட் எல்லாவற்றையும் ஒரே குண்டாவில் போட்டு வைத்தேன். மறுநாள் பூபதி வந்து குண்டாவைக் கையால் ஒரு கிளறு கிளறிப் பார்த்தார். “டீச்சருங்க, இது பொரி இல்லீங்க” என்றார். எந்த போல்ட் எந்தத் துளைக்கு என்று கண்டுபிடிக்க எட்டு நாள் ஆயிற்று. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, மேலே பள்ளிக்கூட லேபிள்.

பின் இருக்கைக்குள் எலிக் குடும்பம், கதவுக்குள் குளவிக் கூடு, தரைத் தகரத்தில் கை நுழைகிற ஓட்டை. வண்டி முழுக்க இப்படி. ஆனால் என்ஜின் இருக்க வேண்டிய இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருக்கிறது. துளி துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்த தடம். ஓரத்தில் சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம், அதன் மேல் மறுபடி சந்தனம் என்று அடையாகக் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா தனியாகக் கொட்டகைக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். வெறும் குழிக்குப் பொட்டு வைக்கிறார் என்று தெரியாது. வேறு என்ஜின் வாங்கிப் போட அவருக்கு வசதி இல்லாமல் இல்லை. அது வரும் என்று காத்திருந்தாரா, வரவில்லை பார் என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாரா, எனக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அம்பாசிடர் என்ஜின் வேண்டாம் என்கிறேன். அதைப் போட்டால் அது ஏதோ ஒரு வண்டியாகத்தான் இருக்கும்.

நீங்கள் எழுதிய செயின் பிளாக் அப்பாவின் சாமான்களோடு கிடைத்தது. கொட்டகை உத்திரத்தில் மாட்டி எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். என்ஜின் வந்ததும் தூக்கி உள்ளே வைக்க வேண்டியதுதான் பாக்கி.

இன்னொன்று. பானெட் நடுவில் ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம், பெயிண்ட் வெந்து போயிருக்கிறது. கற்பூரம் எரிந்த இடம். சுரண்டட்டுமா என்று பூபதி கேட்கிறார். என்ன சொல்ல?

அன்புடன்,
பிரியா


ஓடைக்காட்டுத் தோட்டம்
10-5-2024

பிரியாவுக்கு,

அந்த வட்டத்தைச் சுரண்ட வேண்டாம். இருக்கட்டும்.

பெரியப்பா பொட்டு வைத்ததைப் படித்தேன். என் அப்பா அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை. என்ஜினை மாடு மாதிரிப் பிழிந்தார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மூன்றாவது சிலிண்டர் பிளக்கில் எப்போதும் எண்ணெய் கசியும், வாரம் ஒரு முறை கழற்றி உப்புக் காகிதத்தால் தேய்க்க வேண்டும். சூடு ஏறினால் சத்தம் மாறும். தோட்டத்தின் அந்தக் கோடியில் மடை திருப்பிக்கொண்டிருந்தாலும் எனக்குக் கேட்கும், ஓடிவந்து நிறுத்துவேன். காலையில் என்ஜினைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறவன் கட்டை விரலையும் மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாகப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்துப் பிடித்தால் திருப்பி உதைக்கும்போது எலும்பு போய்விடும். 1986-ல் எனக்குப் போனது. மழை பெய்தால் இன்றைக்கும் வலிக்கும். நீ ஒருநாள் ஹேண்டில் போடுவதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

பிரேக் ஆயில் பெயிண்ட் மேல் சிந்தாமல் பார்த்துக்கொள். தோல்போல் உரித்துவிடும்.

என்ஜின் விஷயம் கரும்பு வெட்டு முடியட்டும், பார்க்கலாம்.

செயின் பிளாக்கை வெயில் காலத்தில் எண்ணெய் போட்டுத் தொங்கவிடாதே. தூசி ஒட்டும். சாக்கில் சுற்றி வை.

நவநீதகிருஷ்ணன்


அம்மாபேட்டை, சேலம்
14-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். பிரேக் ஆயில் பற்றிய உங்கள் கடிதம் மே மாதம் ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் முந்தின நாள் புதன்கிழமையே சிந்திவிட்டேன். இடது மட்கார்டை மறுபடி முதலிலிருந்து.

மற்றபடி வண்டி வண்டிமாதிரி ஆகிவருகிறது. தரைத் தகரம் புதிது. நாலு கதவும் சாத்தினால் சாத்திக்கொள்கிறது, ஒன்றைத் தவிர. அதை இடுப்பால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒயரிங் நானே இழுத்தேன். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் போதுமானதாக இருந்தது. ஜெகதீஸ்வரன் போன வாரம் போனில், “பூமியத் தொளைக்கற வேலைன்னா சொல்லு, நானு வாரேன். இந்தப் பளைய தகரத்தக் கட்டிக்கிட்டு அளுவறதுக்கு நானு வல்லீங்க சாமி” என்றார். சரிதான், இது என் தகரம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு அவன் தங்கை கூடையோடு வந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பாப்பாயி அத்தை சும்மா இருக்காமல், நவநீதன் கல்யாணத்தில் நீதான் நின்றிருக்க வேண்டும், அவனுக்கு வேறு யார் கூடப்பிறந்தவள் இருக்கிறாள் என்றார். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. உங்கள் கல்யாணத்தின்போது எனக்குப் பத்து வயது. வீட்டில் பத்திரிகை வந்ததா என்றுகூடத் தெரியாது. நான் ஒற்றைப் பிள்ளை. நீங்களும் ஒற்றைப் பிள்ளை. எனக்கு அண்ணன் என்று இந்தப் பூமியில் யாராவது இருந்தால் அது நீங்கள் ஒருவர்தான்.

அன்று உங்களுக்கு யார் நின்றார்கள்?

கரும்பு வெட்டி முடிந்திருக்கும். என்ஜினை எடுக்க எப்போது வரலாம்?

அன்புடன்,
பிரியா


ஓடைக்காட்டுத் தோட்டம்
2-8-2024

அன்புள்ள பிரியாவுக்கு,

பத்திரிகை வைக்க என் அம்மா வந்தாள். பெரியப்பா வாங்கிக்கொண்டார், யாரையும் அனுப்பவில்லை. பழனியம்மாளின் சொந்தத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. கூடை அவளுக்குக் கனமாக இருந்தது, ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். அதுதான் ஞாபகம் இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. கேள்விப்பட்டு அன்று ஈரோட்டுக்கு உரம் வாங்கப் போய்விட்டேன். உரம் அன்றைக்குத் தேவையே இல்லை.

என்ஜினை இப்போது எடுக்க முடியாது. ஆடி மாதம் இரும்பு வாசல் தாண்டக் கூடாது.

கதவை இடுப்பால் தட்டாதே. மேல் கீலில் ஒரு வாஷர் போட்டால் சரியாகிவிடும்.

அண்ணன்,
நவநீதகிருஷ்ணன்


அம்மாபேட்டை, சேலம்
22-9-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாஷர் போட்டேன். கதவு சரியாகிவிட்டது.

ஆடியில் இரும்பு வாசல் தாண்டக் கூடாது என்பது எந்த ஊர்ச் சாஸ்திரம் என்று விசாரித்தேன். பாப்பாயி அத்தைக்கே தெரியவில்லை, அவருக்குத் தெரியாத சாஸ்திரம் இந்த ஜில்லாவில் கிடையாது. சரி, ஆடி முடிந்தது. ஆவணியும் போயிற்று. புரட்டாசிக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

நானே நாள் குறித்துவிட்டேன். அடுத்த மாதம் 11-ம் தேதி ஆயுத பூஜை. இந்த வருஷம் அந்தக் குழிக்குப் பொட்டு வைப்பது நான்தான், அதுவே கடைசியாக இருக்கட்டும். 13-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூபதியோடு டெம்போவில் உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். பேச மாட்டேன். வாசலில் நிற்பேன். என்ஜின் இருக்கும் இடத்தைக் கையால் காட்டினால் போதும்.

ஓடாவிட்டாலும் பரவாயில்லை. பிஸ்டன் இறுகியிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதற்குள் எழுதி என்னைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பா போனபின் அந்தக் கொட்டகைக்குள் போகும்போது மட்டும்தான் எனக்கு யாரோ இருக்கிறார்கள் என்று இருக்கிறது. அதைப் பாதியிலேயே விட எனக்கு மனசு இல்லை.

அன்புடன்,
தங்கை பிரியா


ஓடைக்காட்டுத் தோட்டம்
4-10-2024

பிரியாவுக்கு,

13-ம் தேதி டெம்போ எடுத்துக்கொண்டு வர வேண்டாம். என்ஜின் இல்லை.

இல்லை என்றால், விற்கவில்லை. கிணற்றுக்குள் கிடக்கிறது. பம்பு தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் உறிஞ்சும். அதனால் கிணற்றின் உள்சுவரில், பாதி ஆழத்தில், கல் மேடை கட்டி அதன் மேல் என்ஜினை வைத்திருந்தோம். 1992 கார்த்திகையில் நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பக்கச் சுவர் சரிந்து மேடையைக் காணோம். மேலே தண்ணீர் மட்டும் இருந்தது.

தூக்கியிருக்கலாம். மூன்று மரம் நட்டு செயின் பிளாக் மாட்டினால் ஒரு நாள் வேலை. செயின் பிளாக் உங்கள் பங்கில் இருந்தது. அப்போது சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. “பெரியப்பனூட்ல வாங்கியாரட்டுங்களா” என்று கேட்டேன். “கேக்கோணும்னா பேசோணும்” என்றார் அப்பா. நானும் கேட்கவில்லை. தண்ணீர் வற்றட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். 2017 பஞ்சத்தில்தான் வற்றியது. அப்பா அதற்குள் போய்விட்டார். நான் கயிறு கட்டி இறங்கினேன். சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. விரலால் தொட்டால் துரு அப்பளம்போல் உதிர்ந்தது. ஏறி வந்துவிட்டேன். மறு வருஷம் தண்ணீர் வந்துவிட்டது.

உன் முதல் கடிதம் வந்த அன்றே, இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் உன்னிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்திருக்காது. அதனால் எழுதவில்லை. செயின் பிளாக்கை உத்திரத்தில் மாட்டி வைத்திருக்கிறேன் என்று நீ எழுதினாயே, அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கரும்பு என்றேன், ஆடி என்றேன்.

மூன்றாவது பிளக், கட்டை விரல் எல்லாம் உண்மை. என்ஜின் இருப்பதுபோல் எழுதியதுதான் பொய்.

வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

நவநீதகிருஷ்ணன்


அம்மாபேட்டை, சேலம்
3-12-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபம்.

உங்கள் கடிதம் வந்த அன்று கொட்டகைக்குப் போய் செயின் பிளாக்கைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். பூபதி வந்து இரண்டு முறை தட்டிவிட்டுப் போனார். ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைக்கவில்லை. ஏழு மாதம் ஒரு மனுஷியைக் காக்க வைத்துவிட்டு, வேறு சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதுகிறீர்களே என்று ஆத்திரமாக வந்தது. உங்கள் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை படித்தேன், அது தப்பாகப் போயிற்று.

தபால்காரர் எங்கள் தெருவுக்கு மூன்று மணிக்கு வருவார். ஏப்ரலிலிருந்து சனிக்கிழமைகளில் இரண்டே முக்காலுக்கே வாசலில் நிற்கிறேன். என்ஜின் தபாலில் வராது என்று எனக்குத் தெரியாதா? நான் எதற்காக நின்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்ட பிறகு, உங்கள் மேல் முழுசாகக் கோபப்பட முடியவில்லை. கொஞ்சம் இருக்கிறது. அது இருக்கும்.

கணக்கில் ஒன்று சொல்வோம். விடை தப்பாக இருந்தாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு. நம் அப்பாக்கள் இருவருக்கும் விடையும் தப்பு, வழியும் தப்பு. நீங்கள் வழியில் பாதி தேறிவிட்டீர்கள்.

ஈரோட்டில் அம்பாசிடர் என்ஜின் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டேன். தை பிறந்ததும் பூபதி பொருத்துகிறார். அதற்குள் ஒரு வேலை இருக்கிறது. டிசம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை, வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி உங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்குகிறேன். வெறும் வண்டியைத்தான். பாடியும் என்ஜினும் நாற்பது வருஷம் கழித்து ஒரு பகல் பொழுதாவது ஒரே தோட்டத்தில் இருக்கட்டும். செயின் பிளாக்கையும் கொண்டுவருகிறேன். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயரிங் முடிந்துவிட்டதால் பேட்டரி வைத்து ஹார்ன் வேலை செய்கிறது. வாசலில் நின்று இரண்டு முறை அடிப்பேன். ஹார்ன் அடிப்பது பேச்சில் சேராது. கதவைத் திறந்தால் வருவேன். திறக்காவிட்டால் லாரியில் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவேன், அதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

அன்புடன்,
பிரியா


ஓடைக்காட்டுத் தோட்டம்
18-12-2024

அன்புள்ள தங்கை பிரியாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய்.

நீ இரண்டாவது ஹார்ன் அடிப்பதற்கு முன்பே கதவு திறந்திருந்தது, உனக்குத் தெரிந்திருக்காது. காலை ஆறு மணியிலிருந்து தாழ்ப்பாள் போடவில்லை. ஹார்ன் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நீ அதிகநேரம் அழுத்துகிறாய், சுருள் வெந்துவிடும்.

நம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பழனியம்மாள் பேசிவிட்டாள். அவள் வேறு வீட்டில் பிறந்தவள், சத்தியம் அவளைக் கட்டாது. சாப்பிடும்போது அவள், “அண்ணனுந் தங்கச்சியும் மூஞ்சியப் பாத்துக்கிட்டே திங்கறீங்க, கொளம்பு எப்பிடீன்னாவது தலைய ஆட்டுங்க” என்றாளே, அப்போது நீயும் நானும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். உன் தலையாட்டு அப்படியே பெரியப்பாதான். அதை அப்போது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நீ வெகுநேரம் திரும்பவில்லை. அழுதாயோ என்னவோ, நான் பக்கத்தில் வரவில்லை. அந்த நேரத்தில் பானெட்டில் இருக்கும் கறுப்பு வட்டத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தேன். வேலை நன்றாகச் செய்திருக்கிறாய். புதுப் பெயிண்டை அந்த இடத்தில் மட்டும் வளைத்து விட்டிருக்கிறாய், நான் சொன்னபடி. இனி அதற்கும் சேர்த்து அடித்துவிடு.

பின் இருக்கையில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பாய். அதுதான் ஹேண்டில். என் விரலை உடைத்தது. கொட்டகையில் இருந்ததால் கிணற்றோடு போகவில்லை. அம்பாசிடர் என்ஜினுக்கும் சேரும் என்று நினைக்கிறேன். பிடிக்கும் விதம் மே மாதக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

லாரி நகர்ந்தபோது நான், “பாத்துப் போயிட்டு வா சாமி” என்று சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். நீ சட்டென்று திரும்பினாய். நான் வண்டியைப் பார்த்துச் சொன்னேன். பழனியம்மாள் நம்பவில்லை.

இன்னொரு விஷயம். சித்திரையில் கிணற்றில் தண்ணீர் இறங்கும். செயின் பிளாக்தான் இப்போது இங்கே இருக்கிறதே, அந்த என்ஜினை வெளியே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஓடாது. கிணற்றில் கிடக்க வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் தனி ஆளாக முடியாது. நான் தூரத்தில் நின்று சங்கிலியை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருவர் கிணற்று விளிம்பில் நின்று, இழு, நிறுத்து, மெதுவாக விடு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பேசாமல் அந்த வேலை நடக்காது. நீ வந்துவிடு.

உன் அண்ணன்,
நவநீதகிருஷ்ணன்